மூன்றாவது கம்பி

நுழையும்முன்

உழவுக்கும் நெசவுக்கும் தச்சுக்கும் தமிழில் நெடிய சொல்வளம் உண்டு. நம் வீட்டுச் சுவருக்குள் கம்பி பதிக்கும் மின்பணியாளரின் தொழிலுக்கும் தனிக் கருவிகளும் தனிச் சொற்களும் உண்டு. அவை பெரும்பாலும் வாய்வழியாகவே வழங்குகின்றன. ஜோலார்பேட்டை வட்டாரத்து வீட்டு மின்பணியை முன்வைத்து, அத்தொழிலின் நுட்பத்தையும் அதில் அடங்கியுள்ள உயிர்க்காப்பையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மூன்று மின்சாரங்கள்

சென்னையிலிருந்து மேற்கே செல்லும் இருப்புப்பாதை ஜோலார்பேட்டையில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை சேலம், ஈரோடு வழியாகக் கோவைக்கும் கேரளத்துக்கும் செல்கிறது. மற்றொன்று குப்பம், பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூரை அடைகிறது. பெங்களூர்க் கிளை திறக்கப்பட்ட ஆண்டு 1864. வேலூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2019 நவம்பரில் திருப்பத்தூர் மாவட்டம் உருவானபோது அதனுள் அடங்கியது. அதே ஆண்டு ஜூலையில், வறண்டு கிடந்த சென்னைக்கு இங்கிருந்துதான் தொடர்வண்டியில் குடிநீர் சென்றது.

இவ்வட்டாரத்தில் மூவகை மின்சாரம் நடமாடுகிறது. தண்டவாளத்துக்கு மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட். அதைத் தொட வேண்டியதில்லை. நின்றிருக்கும் சரக்குப் பெட்டியின் மேல் ஏறி அருகே சென்றாலே அது காற்றைக் கடந்து பாய்ந்து ஆளை எரித்துவிடும். அடுத்தது, வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் உள்ள தோல் பதனிடும் தொழிற்கூடங்களின் மின்சாரம். தோலை ஊறவைத்துச் சுழற்றும் பெரிய பீப்பாய்களை இயக்கும் மும்முனை மோட்டார்களுக்கு ஏறத்தாழ 400 வோல்ட் தேவை. மூன்றாவது, வீடுகளுக்கு வரும் 230 வோல்ட்.

முதல் மின்சாரத்தை எல்லாரும் அஞ்சுகின்றனர். இரண்டாவதைக் கையாள்வதற்குத் தொழிற்கூடத்தில் அதற்கென ஆள் இருக்கிறார். மூன்றாவதைத்தான் நாம் பொருட்படுத்துவதில்லை. ஈரக் கையோடு தொடுவதும், குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் இருப்பதும், அடுக்களையிலும் குளியலறையிலும் நுழைவதும் அதுதான்.

வீட்டுக்குள் மின்சாரம் வந்த கதை மிகப் பழையதன்று. இதே பெங்களூர்ப் பாதையில் பங்காரப்பேட்டையிலிருந்து பிரிந்தால் கோலார் தங்கவயல் வரும். காவிரியின் சிவசமுத்திர அருவியில் ஆக்கிய மின்சாரத்தை ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து 1902-ஆம் ஆண்டில் அங்கே கொண்டு சேர்த்தனர். அது சுரங்கத்துக்காக வந்த மின்சாரம். தமிழகத்தில் 1932-இல் பைக்காராவும் 1937-இல் மேட்டூரும் மின்சாரம் தரத் தொடங்கின. சென்னை மாநில மின்சார வாரியம் 1957-இல் அமைந்தது. அதன்பின் பல ஆண்டுகள் கழிந்தே சிற்றூர்களின் ஓட்டு வீடுகளில் விளக்கெரிந்தது. அன்று ஒரு வீட்டுக்கு வேண்டியிருந்தவை ஒன்றிரண்டு குண்டு விளக்குகள். அதற்கு இரண்டு கம்பிகள் போதும். அந்த இரண்டு கம்பிப் பழக்கம் இன்னும் நம்மை விட்டு முழுமையாகப் போகவில்லை என்பதே இப்பாடத்தின் கவலை.

வண்டியும் பையும்

மேலைநாடுகளில் வீட்டு மின்பணியாளரை அவருடைய வேனைக் கொண்டே அடையாளம் காண்பர். உள்ளே இருபுறமும் தட்டுகள், தட்டுகளில் சிறுசிறு அறைகள், கூரைமேல் ஏணி என அது ஒரு நகரும் பட்டறை. நம் ஊர்ப்புறங்களில் அந்த வேனின் வேலையைப் பெரும்பாலும் ஒரு மொபெட் செய்துவிடுகிறது. ஓசூரில் 1980-இல் உருவான டி.வி.எஸ். 50-இன் வழிவந்த எக்ஸெல் வண்டியில், இருக்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவே தாழ்வான ஓர் இடம் உண்டு. கம்பிச் சுருளும் கருவிப்பையும் அங்கே அமரும். பின்னிருக்கையில் உதவியாளர், அவர் தோளில் பி.வி.சி. குழாய்க் கட்டு. ஏணி மட்டும் வண்டியில் ஏறாது. அது வீட்டுக்காரரின் பொறுப்பு என்பது எழுதப்படாத விதி. வீட்டில் ஏணி இல்லையென்றால் கட்டில்மேல் முக்காலி, முக்காலிமேல் மின்பணியாளர். புதிய வீட்டுக்கு முழுமையாகக் கம்பி பதிக்கும் ஒப்பந்தம் கிடைத்தால்தான் மக்கள் ‘குட்டி யானை’ என்றழைக்கும் சிறு சரக்கு வண்டி வரும். தொண்ணூறு மீட்டர்ச் சுருள்களும் சுவிட்சுப் பெட்டிகளும் மின்விசிறிக் கொக்கிகளும் அதில் வந்திறங்கும்.

பையைத் திறந்தால் முதலில் கைக்கு வருவது ‘கட்டிங் பிளேயர்’. வெட்டவும் பிடிக்கவும் முறுக்கவும் உரிக்கவும் அந்த ஒரு குறடே பயன்படுகிறது. அதன் பிடியில் உள்ள உறை விரிந்துபோயிருந்தால் அதற்குமேல் நாடா சுற்றியிருப்பர். உறை கிழிந்தால் குறடு மாற்றப்பட வேண்டும் என்பதே முறை. அடுத்தது சட்டைப்பையில் பேனாவைப்போலச் செருகியிருக்கும் டெஸ்டர். அதன் உள்ளே நியான் விளக்கும் மிகுந்த தடையும் உள்ளன. முனையை மின்கம்பியில் வைத்து, தலையில் விரலை வைத்தால் நம் உடல் வழியாகவே மிகச் சிறு மின்னோட்டம் சென்று விளக்கு செந்நிறமாக ஒளிரும். கருவி நம் உடலையே சுற்றின் ஒரு பகுதியாக்கிக்கொள்கிறது என்பதைப் பலர் அறியார். மேலும் டெஸ்டர் சொல்வது பாதி உண்மையே. மின்சாரம் வருகிறது என்று அது சொல்லும்; அது திரும்பிச் செல்லும் வழி இருக்கிறதா என்பதைச் சொல்லாது.

அதனாலேயே அனுபவமுள்ளவர்கள் ஒரு விளக்குத் தாங்கியில் பழைய 60 வாட் குண்டு விளக்கைப் பொருத்தி, அதிலிருந்து இரண்டு கம்பிகளை நீட்டித் தாமே ஒரு சோதனை விளக்கைச் செய்து வைத்திருக்கின்றனர். கடையில் விற்காத கருவி அது. எல்.இ.டி. விளக்குகள் பரவிய பின்னர்க் குண்டு விளக்கு கிடைப்பது அரிதாகிவிட்டதால், உடையாமல் துணியில் பொதிந்து வைத்திருப்போரும் உண்டு. சுவருக்குள் புதைந்த குழாய் வழியே கம்பியை இழுக்க ‘ஸ்பிரிங்’ எனப்படும் வளையும் எஃகுக் கம்பி, உளி, சுத்தியல், துளையிடும் பொறி, மின்காப்பு நாடா, மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது என்று அழைப்பு வந்தால் மாற்றுவதற்கான 2.5 மைக்ரோஃபாரட் ‘கண்டன்சர்’ ஆகியவையும் பையில் இருக்கும்.

சொற்களையும் சிறிது நோக்குவோம். குழாய் பதிக்கச் சுவரில் நீளப் பள்ளம் வெட்டுவதை இவர்கள் ‘காடி எடுத்தல்’ என்கின்றனர். மரத்தில் பள்ளம் எடுக்கும் தச்சரின் சொல் அது. புதிய தொழில் பழைய தொழிலிடமிருந்து கடன் வாங்கிக்கொண்டது. பீங்கான் உருகியை ‘ஃபியூஸ் கட்டை’ என்பர். மின்சாரத்தைப் பற்றிப் பேசும்போது மக்கள் அதை ஒரு விருந்தாளியைப்போலவே கருதுகின்றனர்: கரண்ட் வருகிறது, போகிறது, விட்டுவிட்டு வருகிறது. தொட்டால் ‘அடிக்கிறது’. இச்சொற்களுள் பலவும் பிறமொழியிலிருந்து வந்தவை என்று ஒதுக்குவதைக் காட்டிலும், அவற்றோடு இணைந்து வரும் தமிழ் வினைகளின் பொருத்தத்தைக் கவனிப்பது நல்லது.

ஆனால் ஒரு சொல்லில் மட்டும் எச்சரிக்கை தேவை. தீ விபத்து எதுவாயினும் ‘மின்கசிவு’ காரணம் என்று எழுதிவிடுவது செய்தித்தாள் வழக்கமாகிவிட்டது. மின்பணியாளர் இதனைப் பல தனித்தனி நோய்களாகப் பிரித்தறிகிறார். கம்பி தாங்கும் அளவுக்கு மேல் கருவிகளை இயக்குவது மிகைச்சுமை. ஃபேஸ் கம்பியும் நியூட்ரல் கம்பியும் நேராகத் தொட்டுக்கொள்வது குறுக்குச் சுற்று. திருகாணி தளர்ந்து இணைப்பில் பொறி பறப்பது தளர்ந்த இணைப்பு. மின்சாரம் செல்ல வேண்டிய வழியை விட்டு, கருவியின் உடலுக்கோ சுவரின் ஈரத்துக்கோ மண்ணுக்கோ வழிந்து செல்வதுதான் கசிவு. முதல் மூன்றும் பெரும்பாலும் பொருளை எரிக்கும். கடைசியாகச் சொன்னதுதான் ஆளைக் கொல்வது.

மூன்று துளைகள் எதற்கு?

வீட்டுக்காரரிடமிருந்து வரும் அழைப்புகளில் மிக எளிதாகத் தோன்றுவது இது: “அண்ணா, கிரைண்டரைத் தொட்டா ஜிவ்வுன்னு இருக்குது. வந்து பாத்துட்டுப் போங்க.” பாதி வீடுகளில் இதற்கு அழைப்பதுகூட இல்லை. செருப்புப் போட்டுக்கொண்டு மாவு தள்ளுகின்றனர். அல்லது மரப்பலகைமேல் நின்றுகொள்கின்றனர்.

இந்த ‘ஜிவ்’ என்ன என்பதைக் கணக்கால் அறியலாம். ஈரமான மனித உடலின் தடையை ஏறத்தாழ 1,000 ஓம் என்று கொள்வோம். 230 வோல்ட்டை 1,000 ஓமால் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். ஒரு மில்லி ஆம்பியர் அளவில் உடல் மின்சாரத்தை உணரத் தொடங்குகிறது. பத்து மில்லி ஆம்பியரை அணுகும்போது தசை இறுகிக் கை பிடியை விட மறுக்கிறது. முப்பதைத் தாண்டி அது நீடித்தால் மூச்சுக்கும் இதயத்துக்கும் இடர். நூறு மில்லி ஆம்பியர் சில நொடிகள் மார்பைக் கடந்தால் இதயம் தன் துடிப்பொழுங்கை இழக்கிறது. செருப்பும் பலகையும் தடையைக் கூட்டுவதால் ‘ஜிவ்’ என்ற அளவில் நிற்கிறது. அடுக்களையைக் கழுவிய அன்று, வெறுங்காலோடு நிற்கும்போது, அதே கிரைண்டர் அதே வீட்டில் வேறொன்றாகிவிடும்.

தெரிந்து தெளிவோம்

ஒன்பது வாட் எல்.இ.டி. விளக்கு ஏறத்தாழ 40 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை எடுத்துக்கொள்கிறது. உயிருக்கு ஊறு செய்யத் தொடங்கும் எல்லையைக் காட்டிலும் இது கூடுதல். வீட்டில் உள்ள 16 ஆம்பியர் எம்.சி.பி. துண்டிக்க வேண்டுமானால் இதைப்போல 400 மடங்குக்கும் மேற்பட்ட மின்னோட்டம் தேவை. எனவே எம்.சி.பி. இருப்பதால் மட்டும் ஆளுக்குப் பாதுகாப்பு என்று எண்ணுதல் தவறு. அது கம்பியைக் காக்கும் கருவி.

இங்குதான் மூன்றாவது கம்பி வருகிறது. சுவரில் உள்ள மும்முனைப் பொருத்தியை உற்று நோக்குங்கள். நம் முகத்துக்கு நேரே வலப்புறத் துளை ஃபேஸ், இடப்புறம் நியூட்ரல். மேலே உள்ள பெரிய துளை எர்த். நூல்களில் இது புவி இணைப்பு எனப்படும். செருகியிலும் எர்த் முனை மற்ற இரண்டையும்விட நீளமாகவும் தடிமனாகவும் இருக்கிறது. செருகும்போது முதலில் தொடுவதும் பிடுங்கும்போது கடைசியாக விடுவதும் அதுவே. மின்சாரம் வருவதற்கு முன்பே காவல் வந்து நிற்க வேண்டும், அது போன பின்னரே காவல் விலக வேண்டும் என்னும் எண்ணம் அந்தச் சிறு பித்தளைத் துண்டின் நீளத்தில் அடங்கியிருக்கிறது. இருமுனைச் செருகியை நுழைப்பதற்காக மேல் துளையில் குச்சியை விட்டு நெம்புவது நம் வீடுகளில் அன்றாடக் காட்சி. அந்தத் துளையின் வேலையை நாம் அறியவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

கிரைண்டரின் இரும்பு உடலிலிருந்து ஒரு கம்பி இந்தத் துளை வழியாக மண்ணுக்குச் செல்கிறது. உள்ளே காப்பு கெட்டு ஃபேஸ் கம்பி உடலைத் தொட்டால், மின்சாரம் ஆயிரம் ஓம் கொண்ட மனித உடலை நாடாமல் சில ஓம்களே கொண்ட அந்தக் கம்பி வழியே பெருகி ஓடும். அவ்வாறு பெருகும்போது எம்.சி.பி. துண்டித்துவிடும், அல்லது உருகி எரிந்துவிடும். வீட்டுக்காரர் ‘கரண்ட் போய்விட்டது’ என்று சலித்துக்கொள்வார். உண்மையில் அப்போது ஓர் உயிர் தப்பியிருக்கும்.

தமிழக அரசு 2011-இல் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் தேய்ந்த கைகளுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் ஒரு விளக்குக்கும் ஒரு மின்விசிறிக்கும் என மரச்சட்டத்தின் மேல் இரண்டு கம்பி அடித்த பழைய வீடுகளுக்குள்ளும் அக்கருவிகள் நுழைந்தன. கருவியில் மூன்றாவது முனை இருந்தது. சுவரில் மூன்றாவது கம்பி இல்லை. பொருத்திக்கு மட்டும் மூன்று துளைகள் இருக்கும். மேல் துளைக்குப் பின்னால் வெறுமை. வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே.

மண்ணுக்குள் இருப்பது

எர்த் கம்பியின் மறுமுனையில் ஒரு குழி இருக்கிறது. துத்தநாகப் பூச்சுள்ள இரும்புக் குழாயை ஏறத்தாழ இரண்டரை மீட்டர் ஆழத்துக்கு நிறுத்தி, சுற்றிலும் அடுப்புக்கரியும் உப்பும் மாறிமாறி இட்டு நிரப்புவர். கரி ஈரத்தைப் பிடித்து வைக்கும். உப்பு அந்த ஈரத்தை மின்கடத்தியாக்கும். மேலே ஒரு புனல் வைத்துக் கோடையில் நீர் ஊற்ற வழி செய்வர். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 3043 என்னும் நெறிமுறை புவி இணைப்புக்கென்றே வகுக்கப்பட்டது.

இந்தக் குழி பராமரிப்பை எதிர்பார்க்கும் ஓர் உறுப்பு. திருப்பத்தூர், வேலூர்ப் பகுதிகளின் கோடை வெப்பம் நாடறிந்தது. ஏலகிரி அடிவாரத்தில் பல இடங்களில் சிறிது தோண்டினாலே பாறை தட்டும். மண் வறண்டால் குழியின் தடை உயரும். எடுத்துக்காட்டாக, தடை 50 ஓமுக்கு ஏறிவிட்டது என்று கொள்வோம். 230-ஐ 50-ஆல் வகுத்தால் 4.6 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. இதற்கு அசையாது. கெட்டுப்போன கிரைண்டரின் உடல் மின்னேறியபடியே நிற்கும். எர்த் இருக்கிறது என்று நம்பி வெறுங்காலோடு தொடுபவர், எர்த்தே இல்லாத வீட்டில் அஞ்சித் தொடுபவரைவிட மோசமான நிலையில் இருக்கிறார்.

தோல் தொழில் நிறைந்த பாலாற்றுப் படுகையில் வேறொரு சிக்கல். பச்சைத் தோல் கெடாமலிருக்க இடும் உப்பும் பதனிடும் கழிவும் நிலத்தில் இறங்கிய வரலாறு, 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்ற ஒன்று. உப்பேறிய மண் மின்சாரத்தை நன்றாகவே கடத்தும். ஆனால் அதே உப்பு இரும்புக் குழாயை அரித்துவிடும். சில ஆண்டுகள் கழித்துத் தோண்டினால் குழாய் இருந்த இடத்தில் துருத்தூள் கிடைக்கலாம். ஓரிடத்தில் ஈரமின்மை, மற்றோரிடத்தில் உப்பு மிகுதி. ஓர் ஊரில் கற்ற பாடத்தை அடுத்த ஊரில் அப்படியே செய்ய இயலாது என்பதனால்தான் மண்ணறிந்த மின்பணியாளருக்கு மதிப்பு.

இயற்கையைவிட மனிதர் செய்யும் கேடு அதிகம். முன்பக்கம் ஓர் அறை கட்டும்போது குழியின்மேல் கான்கிரீட்டும் ஓடும் பதித்துவிடுகின்றனர். நீர் ஊற்ற வழியில்லை. இதனினும் கொடியது ஒன்றுண்டு. பழைய வீடுகள் பலவற்றில் தனிக் குழி எடுக்காமல், மண்ணுக்குள் ஓடும் இரும்புத் தண்ணீர்க் குழாயில் எர்த் கம்பியைச் சுற்றியிருந்தனர். பின்னாளில் குழாய்ப் பணியாளர் வந்து இரும்பை எடுத்துவிட்டு பி.வி.சி. குழாய் மாட்டுகிறார். நெகிழி மின்சாரத்தைக் கடத்தாது. அந்த நிமிடமே வீட்டின் புவி இணைப்பு அறுந்துபோகிறது. விளக்குகள் முன்போலவே எரிகின்றன, மின்விசிறி சுற்றுகிறது. யாரும் எதையும் அறிவதில்லை. எல்லாக் கருவிகளின் எர்த் கம்பிகளும் ஒரே இடத்தில் இணைவதால், இனி ஏதேனும் ஒரு கருவியில் கசிவு ஏற்பட்டால் அது மற்றக் கருவிகளின் உடலிலும், எஞ்சியிருக்கும் இரும்புக் குழாயின் வாயிலும் வந்து நிற்கும். குளியலறைக் குழாயைத் திருகும்போது ‘அடிக்கிறது’ என்று சொன்னால், பழுது குளியலறையில் இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

தட்டிவிடும் கருவி

புவி இணைப்பு தளர்ந்த இடத்திலும் உயிரைக் காக்கவல்ல ஒரு கருவி உண்டு. ஆர்.சி.சி.பி. எனப்படும் கசிவு முறிப்பான் அது. அதன் உள்ளே ஒரு காந்த வளையம். அதன் வழியே ஃபேஸ் கம்பியும் நியூட்ரல் கம்பியும் சேர்ந்து செல்கின்றன. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கும்வரை இரண்டின் காந்தப்புலங்களும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். போனதில் சிறு பகுதி வழியில் எங்கேனும் மண்ணுக்கு வழிந்துவிட்டால் கணக்கு உதைக்கும். வீட்டுப் பயன்பாட்டுக்கான கருவி 30 மில்லி ஆம்பியர் வேறுபாட்டிலேயே, கண் இமைக்கும் நேரத்துக்குள் சுற்றைத் துண்டிக்கும். மின்னோட்டம் உடலுக்கு என்ன செய்யும் என்பதை நெடுங்காலம் ஆராய்ந்தவர் அமெரிக்கப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அவர், இவ்வகையில் மிகச் சிறு கசிவையும் அறியும் துண்டிப்பானை 1961-இல் உருவாக்கினார்.

கருவி வந்த பின்னும் தொல்லை தீரவில்லை. மழைக்காலத்தில் சுவர் ஈரம் ஏறியதும் அது தட்டிவிடும். பழைய மின்விசிறி, வயதான வெந்நீர்க் கருவி, தோட்டத்தில் ஒட்டுப்போட்ட கம்பி என ஏதோ ஒன்றில் கசிவு இருக்கும். வீட்டுக்காரருக்குத் தெரிவது, இரவில் இரண்டு முறை இருட்டானது மட்டுமே. மின்பணியாளரை அழைத்து அவர் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: “தம்பி, இது சும்மா சும்மா விழுந்துகிட்டே இருக்குது. இதைக் கழட்டிட்டு நேரா கொடுத்துடு.”

இந்த இடத்தில்தான் தொழிலறம் சோதிக்கப்படுகிறது. கழற்றிவிட்டு இரு கம்பிகளையும் நேராக முறுக்கிவிட ஐந்து நிமிடம் போதும். வீட்டுக்காரர் மகிழ்ந்து கூலி தருவார். கசிவைத் தேடுவதோ அரைநாள் வேலை. ஒவ்வொரு சுற்றாக அணைத்துப் பார்க்க வேண்டும். ஓர் அறையின் நியூட்ரலை அடுத்த அறையின் சுற்றோடு யாரோ இணைத்திருந்தால் அதைப் பிரிக்க வேண்டும். காப்புத் தடையை அளக்கும் மெகர் கருவி இருந்தால் நல்லது. அது எல்லாரிடமும் இருப்பதில்லை. கடைசியில் மாடிப்படி விளக்கின் தாங்கியில் எறும்பு கூடு கட்டியிருப்பது தெரியவரும். அதைத் துடைத்து மாற்றிவிட்டு அரைநாள் கூலி கேட்டால், “ஒரு ஹோல்டருக்கா இவ்வளவு?” என்னும் கேள்வி வரும். மாற்றிய பொருளுக்கு விலை தருவதற்கு நாம் பழகியிருக்கிறோம். கண்டறிந்த அறிவுக்கு விலை தர இன்னும் பழகவில்லை. ஆர்.சி.சி.பி.யைக் கழற்ற மறுத்து வேலையை இழந்த மின்பணியாளர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருப்பர். அவர்களைப் பற்றி நல்லதாகப் பேசுவார் இல்லை.

சான்றும் எல்லையும்

மின்பணியைக் கற்க அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் இரண்டு ஆண்டுப் பயிற்சி உண்டு. கம்பியாளர் பிரிவில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடும், மின்பணியாளர் பிரிவில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோடும் சேரலாம். பயிற்சி நிலையம் செல்லாமல் வேலையிடத்திலேயே கற்றவர்கள் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை எழுதிச் சான்று பெறலாம். இத்தேர்வு தொழிலில் ஏற்கெனவே கைதேர்ந்த பலருக்குச் சட்டப்படியான வாயிலாக அமைந்தது. ஆயினும் ஒரு நடைமுறை வருந்தத்தக்கது. புதிய மின்இணைப்பு கேட்கும்போது, கம்பியமைப்பு சரியாக உள்ளது என்று உரிமம் பெற்றவர் கையொப்பமிட வேண்டும். வேலை செய்த கை ஒன்று, கையொப்பமிட்ட கை வேறொன்று என்றாகிவிடும் இடங்களில், அந்தத் தாளுக்கும் சுவருக்கும் தொடர்பில்லாமல் போகிறது.

பணியின் எல்லையையும் அறிதல் வேண்டும். மின்கம்பத்திலிருந்து மீட்டர் வரை மின்வாரியத்தின் பொறுப்பு. மீட்டருக்குப் பின் வீட்டுக்காரருடையது. முத்திரையிட்ட பகுதியை வீட்டு மின்பணியாளர் தொடக்கூடாது. இந்த எல்லை சில வேளைகளில் அவருக்கே இடுக்கண் ஆகும். தெருவில் நியூட்ரல் கம்பி அறுந்துவிட்டால் 230 வோல்ட் வர வேண்டிய வீட்டில் 400 வோல்ட் வரை ஏறக்கூடும். விளக்குகள் திடீரென மிகப் பளிச்சென்று எரிந்து, தொலைக்காட்சியும் குளிர்ப்பெட்டியும் புகையும். முந்தைய நாள் அங்கே வேலை பார்த்துச் சென்றவர்மேல் பழி விழும். நன்கறிந்தவர் முதலில் மெயினை அணைக்கச் சொல்வார். பின் மின்வாரியத்துக்குச் சொல்லச் சொல்வார்.

உலகின் பல நாடுகளுக்குக் காலணி செய்து அனுப்பும் வட்டாரம் இது. ஆம்பூரில் தைத்த காலணிகள் ஐரோப்பியக் கடைகளில் விற்கப்படுகின்றன. அதே வட்டாரத்தின் வீட்டு மின்பணியாளர் பெரும்பாலும் தேய்ந்த ரப்பர்ச் செருப்போடு முக்காலிமேல் ஏறுகிறார். தேய்ந்த அடிப்பகுதியில் ஆணி ஒன்று ஏறியிருந்தால் அந்தச் செருப்பும் காப்பாகாது. காப்புக் கையுறை, காப்பிட்ட கருவிகள், பாதுகாப்புக் காலணி ஆகியவை ஆடம்பரம் என்னும் எண்ணம் அவரிடமும் இருக்கிறது. கூலி பேசும் நம்மிடமும் இருக்கிறது. ஏறத்தாழ 145 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பெங்களூருக்குத் தொடர்வண்டியில் சென்று அடுக்குமாடிக் கட்டடங்களில் வேலை செய்யும் இவ்வட்டார இளைஞர்கள், அங்கே தலைக்கவசமும் காலணியும் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள் என்று சொல்கின்றனர். ஊருக்குத் திரும்பி வந்து சொந்தத் தெருவில் வேலை செய்யும்போது அவற்றைக் கழற்றி வைத்துவிடுகின்றனர்.

புதிய வீட்டில் கம்பி பதிக்கும் பணி முடியும் நாளில், வீட்டுக்காரர் அறை அறையாகச் சென்று எல்லா விளக்குகளையும் போட்டுப் பார்ப்பார். மின்பணியாளர் தம் சோதனை விளக்கோடு ஒவ்வொரு பொருத்தியாகச் செல்வார். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே விளக்கு முழுமையாக எரிய வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எரியக்கூடாது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே வைக்கும் முன் வீட்டில் உள்ளவர்களை எதையும் தொடாமல் ஒதுங்கி நிற்கச் சொல்வார். எர்த் கெட்டிருந்தால் அந்த நொடியில் கருவிகளின் உடல்கள் மின்னேறக்கூடும். ஆர்.சி.சி.பி. உள்ள வீட்டில், விளக்கு எரியத் தொடங்கும் முன்பே ‘டக்’கென்று முழு வீடும் இருட்டாகும். வீட்டுக்காரர் திடுக்கிடுவார். மின்பணியாளர் அதை மீண்டும் மேலே தள்ளிவிட்டு, அதில் ‘டி’ என்னும் எழுத்துப் பொறித்த சிறு பித்தானைக் காட்டி, மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பார்க்கச் சொல்லிவிட்டு, கருவிகளைப் பையில் எடுத்து வைப்பார்.

கற்பவை கற்றபின்…

உங்கள் ஊரில் உள்ள மின்பணியாளர், குழாய்ப் பணியாளர், கொத்தனார் ஆகியோருள் ஒருவரிடம் உரையாடி, அவர் தொழிலில் மட்டுமே வழங்கும் சொற்களைப் பொருளோடு தொகுத்து வகுப்பில் படித்துக் காட்டுக.

உங்கள் வீட்டில் ஆர்.சி.சி.பி. உள்ளதா, புவி இணைப்புக் குழி எங்குள்ளது என்பவற்றைப் பெரியோரிடம் கேட்டு அறிக. எந்தப் பெட்டியையும் திறக்கவோ கம்பியைத் தொடவோ கூடாது.

‘மின்கசிவு’ என்று குறிப்பிடும் செய்தி ஒன்றைத் தேர்ந்து, அதில் உண்மையில் நேர்ந்தது மிகைச்சுமையா, குறுக்குச் சுற்றா, தளர்ந்த இணைப்பா, கசிவா என்பதைச் செய்தியில் உள்ள குறிப்புகளைக் கொண்டு ஆராய்ந்து எழுதுக.